இளம் பட்டுப்புழு எதைத் தின்னும், எதை ஒதுக்கும்? உணவுப் பொருட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முட்டையிலிருந்து வெளிவரும் புழுவின் எடை அரை மில்லிகிராம்கூட இருக்காது. கூடு கட்டும் முன் அது ஏறத்தாழ 10,000 மடங்கு பெருக்க வேண்டும். ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம். முதல் இரண்டு பருவங்களில், அதாவது சாக்கி காலத்தில், அது தின்னும் அளவு மொத்தத் தீனியில் மிகச் சிறு பங்குதான். ஆனால் அந்தச் சில நாட்களில் பட்டினி கிடந்த புழு பிறகு எவ்வளவு தின்றாலும் ஈடுகட்டுவதில்லை. இளம்புழு வளர்க்கும் சாக்கி மையம் நடத்துவோரும், மல்பெரித் தோட்டம் வைத்திருப்போரும், இலைக்குப் பதிலாகப் பொடி கலந்து செய்யும் செயற்கை உணவைச் சோதித்துப் பார்க்கும் மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

மல்பெரி இலை அருகில் இருப்பது புழுவுக்கு எப்படித் தெரிகிறது?

முதலில் வாசனையால். இலையிலிருந்து ஆவியாகும் சிட்ரால், லினலூல், லினலைல் அசிடேட் போன்ற பொருட்கள் புழுவை ஈர்க்கின்றன என்று ஜப்பானில் ஹமாமுராவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1950களிலும் 60களிலும் காட்டினார்கள். 2009இல் வெளியான ஆய்வொன்று, மல்பெரி இலையில் உள்ள சிஸ்-ஜாஸ்மோன் என்ற மணப்பொருள் மிகக் குறைந்த அளவிலேயே புழுவை இழுக்கிறது என்றும், அதை உணர்வதற்கென்றே ஒரு மண ஏற்பி புழுவின் உணர்கொம்பில் உள்ளது என்றும் காட்டியது.

ஈர்ப்பு என்றால் தொலைவிலிருந்து ஓடிவரும் என்று எண்ண வேண்டாம். பொரித்த புழு சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே பெரிது. ஆகவே தீனி எங்கே வைக்கப்படுகிறது என்பது அதில் என்ன இருக்கிறது என்பதற்கு இணையாக முக்கியம்.

வாசனை பிடித்தால் தின்றுவிடும் அல்லவா?

இல்லை. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். புழு உண்பது மூன்று படிகளாக நடக்கிறது: நெருங்குதல், கடித்துப் பார்த்தல், தொடர்ந்து விழுங்குதல். ஒவ்வொரு படிக்கும் தனித்தனிப் பொருட்கள் தேவை. ஒரு படியில் தடங்கினால் அடுத்தது நடக்காது.

கடிக்கத் தூண்டுபவை பீட்டா-சிட்டோஸ்டிரால், ஐசோகுவெர்சிட்ரின், குளோரோஜெனிக் அமிலம் போன்றவை. புழுவின் வாயருகே உள்ள சிறு துழாவிகள் இலையின் மேற்பரப்பைத் தட்டிப் பார்த்து இவற்றை உணர்கின்றன. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியபடி, இவற்றை நம்ப முடியாத அளவு குறைந்த செறிவிலும் அந்தத் துழாவிகள் கண்டுபிடித்துவிடும். அந்தச் சைகை கிடைத்த பிறகுதான் புழு சோதனைக் கடி போடுகிறது.

கடித்ததும் சாறு வெளிப்படும். அதை இன்னொரு உறுப்பு ருசி பார்க்கிறது. சர்க்கரையும் இனோசிட்டாலும் இருந்தால் கடி தொடரும். நார்ப்பொருளான செல்லுலோஸ் விழுங்குவதைத் தூண்டும் என்றும், பாஸ்பேட், சிலிக்கா போன்ற தாதுக்கள் அதற்குத் துணை நிற்கும் என்றும் ஹமாமுரா குழு கண்டது. செயற்கை உணவில் செல்லுலோஸ் தூள் வெறும் எடை கூட்டும் பொருள் என்று நினைத்து அதை நீக்கிவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் புழு கடித்துக் கடித்து நகர்ந்துவிடும், வயிறு நிறையாது.

மற்ற இலைகளைப் புழு ஏன் தொடுவதில்லை? அவற்றில் சத்து இல்லையா?

சத்துக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. முட்டைக்கோசிலும் சத்து உண்டு. பிரச்சினை கசப்பு உணர்வு. மேல்தாடைக்குக் கீழே உள்ள சுவை உறுப்பை அறுவை செய்து நீக்கிய புழுக்கள், வழக்கமாகத் தொடாத இலைகளையும் தின்கின்றன என்பது ஜப்பானில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. 2019இல் சீன ஆய்வாளர்கள் ஜிஆர்66 என்ற ஒரே ஒரு கசப்பு ஏற்பி மரபணுவை முடக்கிய புழுக்களை உருவாக்கினார்கள். அவை ஆப்பிள், பேரிக்காய், சோயா, மக்காச்சோளம் போன்றவற்றையும் தின்றன.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? தின்னத் தூண்டும் பொருளைக் கூட்டுவதைவிட, தடுக்கும் பொருளைக் குறைப்பதே பல நேரங்களில் பலன் தரும். உணவுக் கலவை சரியாக வரவில்லை என்றால், இன்னும் எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்கும் முன், எதை எடுக்கலாம் என்று யோசியுங்கள்.

மல்பெரியும் எல்லாப் பூச்சிக்கும் நல்ல உணவு அல்ல என்பது வியப்பான செய்தி. அதன் பாலில் சர்க்கரை போன்ற வடிவமுள்ள ஆல்கலாய்டுகள் உண்டு. வேறு கம்பளிப் புழுக்களின் சர்க்கரைச் செரிமானத்தை அவை முடக்கிவிடும். பட்டுப்புழுவிடம் அவற்றால் பாதிக்கப்படாத நொதி இருப்பதால் அது தப்பிக்கிறது.

செயற்கை உணவில் என்னென்ன, எவ்வளவு போடுவது?

இளம்புழுவுக்குச் சோதனை தொடங்க ஏற்ற ஒரு கலவை, 100 கிராம் உலர் பொடிக்கு: மல்பெரி இலைத்தூள் 35 கிராம், கொழுப்பு நீக்கிய சோயா மாவு 30, மக்காச்சோள ஸ்டார்ச் 8, சர்க்கரை 6, செல்லுலோஸ் தூள் 6, அகர் 6, சிட்ரிக் அமிலம் 3, தாது உப்புக் கலவை 2.5, வைட்டமின் சி 1.5, சோயா எண்ணெய் 1.5, பீட்டா-சிட்டோஸ்டிரால் 0.3, சார்பிக் அமிலம் 0.2. வைட்டமின் பி கலவை தனி. தண்ணீர் 260 மி.லி. சேர்த்தால் ஈரப்பதம் ஏறத்தாழ 72 சதவீதம் வரும். இது இறுதிச் சூத்திரம் அல்ல. உங்கள் இலைத்தூளும் புழு இனமும் மாறினால் அளவும் மாறும்.

செய்முறை: சிட்டோஸ்டிராலை எண்ணெயில் கலந்து முதலில் செல்லுலோஸோடு பிசறுங்கள். நேரடியாகத் தண்ணீரில் போட்டால் கரையாமல் திட்டுத்திட்டாக நின்றுவிடும். சில புழு தின்றும் சில புழு தின்னாமலும் போவதற்கு இது ஒரு காரணம். பிறகு மற்ற உலர் பொருட்களைச் சலித்துக் கலந்து, வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, மூடி, 30 முதல் 40 நிமிடம் ஆவியில் வேக வையுங்கள். வைட்டமின் சி வெப்பத்தில் சிதையும் என்பதால், அது வேகும் நேரத்தில் பாதிக்கப்படும் என்று கணக்கில் வைத்தே கூடுதலாகச் சேர்க்கிறோம். வெந்ததும் தட்டையாகப் பரப்பி ஆற வைத்து, மூடி, 4 அல்லது 5 டிகிரி செல்சியஸில் வைக்கலாம். குளிர்பதனத்திலிருந்து எடுத்ததை அப்படியே போடாதீர்கள். குளிர்ந்த உணவில் மணம் எழாது, புழுவும் சுருண்டு நிற்கும். அறை வெப்பத்துக்கு வந்தபின் கொடுங்கள்.

இலைத்தூளைக் குறைத்துவிட்டு மலிவாகச் செய்ய முடியாதா?

முதல் பருவத்தில் முயலாதீர்கள். மணம், குளோரோஜெனிக் அமிலம், ஐசோகுவெர்சிட்ரின், சிட்டோஸ்டிரால், இனோசிட்டால் எல்லாம் இலைத்தூளில் சேர்ந்தே வருகின்றன. 25 சதவீதத்துக்குக் கீழே போனால், நல்ல இனத்திலும் முதல் நாள் உணவேற்பு குறைவதைக் காணலாம். மூன்றாம் பருவத்துக்குப் பிறகு குறைக்க இடம் உண்டு.

தூளின் தரம் அளவைவிட முக்கியம். நன்கு முற்றாத, சாறுள்ள இலையைக் கழுவி, ஈரம் உலர்த்தி, 60 டிகிரி அளவில் காய வைத்து நுண்மையாக அரைக்க வேண்டும். தூள் பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாக மாறியிருந்தால் கடிக்கத் தூண்டும் பீனால் பொருட்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டன என்று பொருள். கடும் வெயிலில் பல நாள் கிடந்த இலையும், 90 டிகிரிக்கு மேல் வறுபட்ட இலையும் இப்படித்தான் ஆகின்றன. காற்றுப் புகாத பையில், வெளிச்சம் படாமல் வையுங்கள். ஒரு வருடத்துக்கு முந்தைய தூளில் பச்சை நிறம் மிச்சமிருந்தாலும் மணம் போயிருக்கும்.

சோயா மாவைக் கூட்டினால் புரதம் கூடும், புழு பெருக்குமே?

தின்றால்தானே பெருக்கும்? சோயாவின் சுவை புழுவுக்குப் பிடித்ததல்ல. அளவு கூடக்கூட முதல் கடியோடு நின்றுவிடும் புழுக்கள் அதிகமாகும். பச்சை சோயா மாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் உண்டு. நன்றாக வேகவில்லை என்றால், தின்ற புழுவும் வளராது. எண்ணெய் எடுத்த, வறுத்து வெப்பம் பட்ட மாவே வேண்டும். கெட்ட எண்ணெய் வாடை அடிக்கும் பழைய மாவு அறவே கூடாது.

சர்க்கரையைக் கூட்டினால்?

சர்க்கரை தொடர்ந்து தின்னத் தூண்டும், உண்மை. சர்க்கரை இல்லாத கலவையில் கடி சீக்கிரமே நின்றுபோகும். ஆனால் 10 சதவீதத்தைத் தாண்டினால் உணவு ஒட்டும், மேலே நீர் கசியும், பூஞ்சை முந்திக்கொள்ளும். பொரித்த புழு ஈரப்பசையில் ஒட்டிக்கொண்டு சாவதை அப்போதுதான் பார்ப்பீர்கள். சர்க்கரையை ஏற்றி மற்ற குறையை மறைக்க முயல்வது பயன் தராது. சர்க்கரை மூன்றாம் படியில் வேலை செய்யும் பொருள். முதல் இரண்டு படியில் கோளாறு இருந்தால் புழு அந்தச் சர்க்கரை வரை வந்து சேரவே சேராது.

கெட்டித்தன்மை எப்படி இருக்க வேண்டும்?

கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், நீர் வரக்கூடாது, விரலில் ஒட்டக்கூடாது. அகர் குறைந்தால் குழம்பும். கூடினால் ரப்பர் போலாகி, மிகச்சிறு தாடையுள்ள புழு கடிக்க முடியாமல் மேலே ஊர்ந்துகொண்டே இருக்கும். தூள் நுண்மையாக அரைபடாவிட்டாலும் இதே நிலைதான். முதல் பருவப் புழு ஓரத்தைப் பிடித்துத் தின்பதை விரும்பும். ஆகவே கட்டியாக வைக்காமல் மெல்லிய பட்டைகளாகவோ துருவலாகவோ கொடுங்கள்.

பூஞ்சை வராமல் இருக்க மருந்தைக் கூட்டலாமா?

கூடாது. சார்பிக் அமிலமும் புரோப்பியானிக் அமிலமும் அளவு மீறினால் புழு ஒதுங்கும். சார்பிக் அமிலம் புளிப்பான சூழலில்தான் நன்றாக வேலை செய்கிறது. சிட்ரிக் அமிலம் சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பூஞ்சை தொடர்ந்து வந்தால் மருந்தைத் தேடாமல் கை, தட்டு, அறை ஆகியவற்றின் சுத்தத்தைப் பாருங்கள். மருந்து தெளித்த தட்டை நன்கு காய வைத்து, வாடை முழுதும் போன பிறகே பயன்படுத்துங்கள். பிளீச்சிங் பவுடர், பார்மலின் வாடை மிச்சமிருந்தால் எந்த உணவும் தோற்கும்.

ஒரு கலவையோ இலையோ பிடிக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரே முட்டைத் தொகுதியிலிருந்து (ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைகள்), ஒரே காலையில் பொரித்த 100 புழுக்களை எடுங்கள். இறகால் மெல்லத் தள்ளி உணவின் மேல் உதிருங்கள். 28 முதல் 30 டிகிரி, 85 முதல் 90 சதவீத ஈரப்பதம், இருட்டு. பக்கத்தில் இன்னொரு தட்டில் இளம் மல்பெரி இலையோடு 100 புழு ஒப்பீட்டுக்கு. 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் எண்ணுங்கள். தின்ற புழுவைக் கண்டுபிடிப்பது எளிது: பொரிக்கும்போது கருப்பாக, மயிர் நெருக்கமாக இருந்தது, தின்றதும் உடல் நீண்டு மயிர் விலகி வெளுத்திருக்கும். தின்னாதது கருத்தே கிடக்கும்.

எண்ணிக்கையோடு நிற்காமல், புழு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உணவை விட்டு விலகித் தட்டின் ஓரத்தில் திரிந்தால் மணக் கோளாறு அல்லது வேண்டாத வாடை. உணவின் மேலேயே இருந்து, மேற்பரப்பில் ஊசி குத்தியது போன்ற சிறு தடங்கள் மட்டும் இருந்தால், கடித்துப் பார்த்து விட்டுவிட்டது: கசப்பு, சோயா அளவு, சர்க்கரைக் குறைவு, செல்லுலோஸ் குறைவு ஆகியவற்றைச் சோதியுங்கள். தடமே இல்லாமல் மேலேயே நின்றால் கடிக்கத் தூண்டும் பொருள் குறைவு அல்லது கெட்டி அதிகம். தின்று எச்சமும் போட்டு, ஆனால் முதல் தோலுரிப்பு ஒரே நாளில் வராமல் சிதறினால், அது ருசிப் பிரச்சினை அல்ல, சத்துக் குறை அல்லது கலவை சீராகச் சேராதது. வெறும் "தின்னவில்லை" என்று எழுதி வைத்தால் அடுத்த முறை எதை மாற்றுவது என்று தெரியாது.

இலை கொடுத்தே வளர்க்கிறோம். இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

இலையும் ஒரு கலவைதான். அதன் அளவுகளை உங்கள் தோட்டம் தீர்மானிக்கிறது. முதல் பருவத்துக்கு 80 சதவீதம் அளவில் ஈரமுள்ள, மிருதுவான இலை வேண்டும். கிளை நுனியில் விரியாத கொழுந்தை விட்டுவிட்டு, பளபளப்பான பெரிய இலையும் அதன் கீழே இரண்டு மூன்று இலைகளும் ஏற்றவை. 0.5 முதல் 2 சதுர சென்டிமீட்டராக நறுக்குங்கள். நறுக்கிய ஓரத்தில் வெளிவரும் மணமும் சாறும்தான் புழுவை அழைக்கின்றன. அதனால் முன்கூட்டியே நறுக்கி வைப்பது தவறு.

காலையில் பறித்து, ஈரச் சாக்குப் போர்த்தி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்கும். அந்த இலையைப் புழு முகர்ந்துவிட்டு விலகும். தழைச்சத்து அதிகம் போட்ட தோட்டத்து இலையும், நிழலில் வளர்ந்த இலையும் பார்க்கப் பசுமையாக இருக்கும், சர்க்கரை குறைந்து நீர் மிகுந்திருக்கும். புழு தின்னும், ஆனால் நலிந்திருக்கும். வறட்சியில் முற்றிய இலையோ கடிக்கவே கடினம்.

வேம்பு சார்ந்த மருந்து தெளித்த தோட்டத்தில் மிகுந்த கவனம் தேவை. அசாடிராக்டின் புழுவை உண்ணவிடாமல் தடுக்கும், உள்ளே போனால் தோலுரிப்பையும் குலைக்கும். "இயற்கை மருந்துதானே" என்ற எண்ணம் சாக்கி புழு விஷயத்தில் ஆபத்தானது. மருந்துக் குறிப்பிலுள்ள காத்திருப்புக் காலம் கழிந்த பிறகும், 50 புழுவுக்கு அந்த இலையை ஒரு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டே மொத்தத் தட்டுக்கும் கொடுங்கள். புகையிலை வயலை ஒட்டிய மல்பெரியில் நிகோட்டின் படியும். அதைத் தின்ற புழு தலையைத் தூக்கி, வாந்தி எடுத்து, சுருங்கும். செங்கல் சூளை அருகிலுள்ள இலையில் ஃபுளோரைடு சேரும். அங்கே பசி மந்தமாகி, புழு ஒழுங்கற்று வளரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் தோட்டம் போடும்போதே இவ்விரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

இலையின் மேல் சோயா மாவு, வைட்டமின், சத்துப் பொடி தெளிக்கலாமா?

இளம்புழுவுக்கு எங்கள் பரிந்துரை: வேண்டாம். தெளித்த கரைசல் இலை மேல் படலமாகக் காயும். துழாவி முதலில் தொடுவது அந்தப் படலத்தைத்தான். இலையின் சொந்த அடையாளம் மறைந்துவிடும். ஈர இலை நோயையும் அழைக்கும். நல்ல இலை கொடுக்க முடிந்தவருக்குத் தெளிப்பு தேவையில்லை. மோசமான இலையைத் தெளிப்பு காப்பாற்றாது.

இலை தின்று வளர்ந்த புழுவை நடுவில் செயற்கை உணவுக்கு மாற்றலாமா?

பெரும்பாலும் மறுத்துவிடும். மறுபக்கம் எளிது: செயற்கை உணவில் வளர்ந்த புழு இலையைக் கண்டால் உடனே பாயும். எனவேதான் முதல் இரண்டு பருவத்துக்குச் செயற்கை உணவு, மூன்றாம் பருவம் முதல் இலை என்ற முறை வந்தது. ஜப்பானில் கூட்டுறவு சாக்கி மையங்களில் 1977 முதல் இது நடைமுறைக்கு வந்தது. உணவில் ஒரு நாள் தயங்கிய புழுவைப் பரிதாபப்பட்டு இலை வைத்து எழுப்பிவிட்டு, மீண்டும் உணவுக்குக் கொண்டுவர முயலாதீர்கள். அந்தப் புழுக்களைத் தனியே பிரித்து இலையிலேயே விட்டுவிடுங்கள்.

எல்லா இனமும் ஒரே மாதிரி ஏற்குமா?

இல்லை. உணவேற்பு பரம்பரையாக வரும் குணம். ஒரே கலவையில் ஒரு இனம் முழுதும் தின்ன, இன்னொன்றில் பாதி கருத்தே கிடக்கும். முதல் நாள் தின்ற புழுக்களை மட்டும் தேர்ந்து, தலைமுறை தலைமுறையாக இனவிருத்தி செய்தால் ஏற்பு உயரும். ஜப்பானில் சாவா-ஜே என்ற இனம் முட்டைக்கோசு, ஆப்பிள்கூடத் தின்னும். ஆகவே கலவை தோற்றது என்று முடிவுகட்டும் முன் இன்னொரு இனத்தில் அதே கலவையைப் போட்டுப் பாருங்கள்.

ஏன் இருட்டு? ஏன் சூடு?

பொரித்த புழு வெளிச்சத்தை நோக்கி நகரும். ஒரு பக்கம் சன்னல் இருந்தால் அனைத்தும் அந்த ஓரத்தில் குவிந்து, அங்கே உணவு தீர்ந்து, மற்ற பக்கம் காய்ந்து கிடக்கும். இருட்டில் சீராகப் பரவும். இலையில் 27, 28 டிகிரி போதும். செயற்கை உணவில் ஓரிரு டிகிரி கூடுதலாக வைத்தால் கடி சுறுசுறுப்பாகும். பெரும்பாலான புழுக்கள் தோலுரிப்புக்குத் தலைதூக்கி நிற்கத் தொடங்கியதும் ஈரப்பதத்தை 70க்குக் கீழே இறக்கி உணவைக் காய விடுங்கள். இல்லாவிட்டால் முந்தி எழுந்தவை தின்ன, பிந்தியவை பின்தங்க, தட்டு இரண்டாகப் பிரிந்துவிடும்.

எங்கள் ஊரில் செயற்கை உணவு கட்டுப்படியாகுமா?

100 முட்டைத் தொகுதிக்கு முதல் பருவத்தில் 2, 3 கிலோவும் இரண்டாம் பருவத்தில் 6, 7 கிலோவும் இலை போதும். ஆண்டு முழுதும் மல்பெரி துளிர்க்கும் நம் பகுதியில், சாக்கிக்கென்று அரை ஏக்கர் ஒதுக்கிய மையத்துக்கு இலை மலிவு. குளிர்காலத்தில் இலையே இல்லாத ஜப்பானின் கணக்கு வேறு. நோய் இல்லாத, ஒரே சீரான புழுவை ஆட்கூலி குறைத்துத் தர வேண்டிய பெரிய மையம், ஆராய்ச்சிக்கூடம், இலைக்கு வழியில்லாத பள்ளி ஆய்வகம் ஆகியவற்றுக்குச் செயற்கை உணவு பொருத்தம். சோதிக்க விரும்புவோர் ஒரே ஒரு முட்டைத் தொகுதியோடு, அதாவது 400, 500 புழுவோடு தொடங்குங்கள். பாதி உணவில், பாதி இலையில், ஒரே அறையில் வையுங்கள். இரண்டாம் தோலுரிப்பு முடிந்ததும் இரு பக்கத்திலிருந்தும் 100 புழுவை நிறுத்துப் பாருங்கள்.